பைரைட், சால்கோபைரைட், மார்க்கசைட்: கையிலிருக்கும் மஞ்சள் கல் எது?

தங்கத்தையும், தங்கம்போல மின்னும் இரும்புக் கனிமமான பைரைட்டையும் பிரிக்க அரை நிமிடம் போதும். ஊசிமுனையால் அழுத்தினால் தங்கம் குழிந்து நசுங்கும். பைரைட் நொறுங்கிப் பொடியாகும். மெருகில்லாத பீங்கான் ஓட்டில் தேய்த்தால் தங்கம் மஞ்சள் கோடு போடும், பைரைட் பச்சை கலந்த கறுப்புக் கோடு போடும். 'முட்டாள்களின் தங்கம்' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டதால் பலரும் இந்த ஒப்பீட்டோடு நின்றுவிடுகிறார்கள். உண்மையில் ஆளைக் குழப்புபவை மற்ற இரண்டும்தான்.

சால்கோபைரைட்டில் இரும்போடு செம்பும் உண்டு. அதன் கோடும் பச்சைக் கறுப்பே என்பதால் ஓடு இங்கே கைகொடுக்காது, கத்திதான் கைகொடுக்கும். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் சால்கோபைரைட்டின் கடினம் 3.5 முதல் 4 வரை, எஃகுக் கத்தி கீறிவிடும். பைரைட் 6 முதல் 6.5 வரை, கத்தி வழுக்கிப் போகும். பொடிமணிகளாக இருக்கும் பைரைட் மட்டும் கத்தி பட்டதும் உதிரும். அதைக் கீறல் என்று எண்ணிவிடாதீர்கள். பள்ளம் விழுந்திருக்கிறதா என்று உருப்பெருக்கியில் பாருங்கள். சால்கோபைரைட்டின் மேல் தெரியும் வானவில் நிறப் படலத்தையும் நம்ப வேண்டாம், பழைய பைரைட்டிலும் அது படியும். புதிதாக உடைந்த முகத்தில் சால்கோபைரைட்டின் மஞ்சள் இன்னும் அழுத்தமாக இருக்கும்.

சந்தேகம் தீராவிட்டால் எடை பாருங்கள். 50 கிராம் கல்லை நூலில் கட்டி நீரில் மூழ்கவிட்டு நிறுத்தால், பைரைட் சுமார் 10 கிராம் எடை குறைந்து காட்டும். சால்கோபைரைட் ஏறத்தாழ 12 கிராம். குவார்ட்ஸ் ஒட்டிய கல்லில் இந்தக் கணக்கு பொய்த்துவிடும்.

மார்க்கசைட்தான் பிரித்தறியக் கடினமான ஆள். அதுவும் பைரைட்டும் இரும்பும் கந்தகமும் சேர்ந்த ஒரே இரும்பு டைசல்ஃபைடு. அணுக்களின் அடுக்கு மட்டும் வேறு. கத்தி, ஓடு, தராசு எதுவும் இவற்றைப் பிரிக்காது. வடிவத்தைத்தான் பார்க்க வேண்டும். பைரைட்டின் கனசதுர முகங்களில் மெல்லிய இணைகோடுகள் ஓடும். பக்கத்து முகத்தில் அவை செங்குத்தாகத் திசை மாறும். மார்க்கசைட் ஈட்டிமுனையாகவோ சேவல் கொண்டையாகவோ வளரும், உடைந்த முகம் வெளிறி வெள்ளிபோலத் தெரியும். வடிவமே இல்லாத கட்டி என்றால் எக்ஸ் கதிர்ச் சோதனைதான் வழி.

பெயரும் குழப்பும். பைரைட் என்பது நெருப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது; எஃகில் அடித்தால் பொறி பறக்கும். மார்க்கசைட் என்ற பெயர் முன்பு இரண்டுக்கும் பொதுவாக இருந்தது. 1845இல் கனிமவியலாளர் ஹைடிங்கர் அதை இன்றைய மார்க்கசைட்டுக்கு மட்டும் ஒதுக்கினார். நகைத்தொழிலில் பழைய வழக்கமே நீடிக்கிறது: 'மார்க்கசைட்' நகைகளில் பதித்திருப்பது பைரைட். அதுவே நல்லது, ஏனென்றால் மார்க்கசைட் ஈரக்காற்றில் விரைவாகச் சிதைந்து இரும்பு சல்ஃபேட்டும் கந்தக அமிலமும் ஆகும். முதலில் வெளிறிய பொடி பூக்கும், பிறகு கந்தக நெடி வரும், பெட்டியும் பெயர்ச்சீட்டும் அரித்துப்போகும். நுண்மணிப் பைரைட்டுக்கும் இந்த ஆபத்து உண்டு.

ஆகவே இரண்டையும் காற்றுப்புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும். பொடி பூத்த கல்லை உடனே தனியே எடுத்துவிடுங்கள். மேலே வார்னிஷ் பூசுவது வீண்: உள்ளே தங்கிய ஈரத்தில் சிதைவு தொடரும்.