பத்து அங்குல சப்வூஃபருக்கு எத்தனை லீற்றர் பெட்டி? கிளிநொச்சியில் சில வருடப் பாவனை

எங்கள் முன்கூடத்துப் பத்து அங்குல சப்வூஃபர் 15 லீற்றர் பெட்டியோடு விற்கப்பட்டது. இப்போது 34 லீற்றர் மூடிய பெட்டியில் பாடுகிறது. புதிதாகப் பெட்டி அடிக்க நினைப்பவர்கள் அளவுநாடாவைத் தேட முன் ஸ்பீக்கரின் விபரத்தாளைத் தேடவேண்டும். பொறியியலாளர் நெவில் தீல் 1961இல் தொடங்கி, ரிச்சர்ட் ஸ்மோல் 1970களில் விரித்த பெட்டிக் கணக்குக்கு மூன்று எண்கள் போதும்: எஃப்எஸ் (Fs, ஸ்பீக்கர் தானாக அதிரும் அதிர்வெண்), கியூடிஎஸ் (Qts, அந்த அதிர்வு எவ்வளவு அடங்குகிறது என்பதன் அளவு), வாஸ் (Vas, கூம்பைத் தாங்கும் பாகங்களின் அளவுக்கு நெகிழும் காற்றின் கொள்ளளவு). என்னுடையதில் அவை 30 ஹேர்ட்ஸ், 0.45, 50 லீற்றர்.

வாஸைப் பெட்டியின் கொள்ளளவால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, கியூடிஎஸ்ஸால் பெருக்குங்கள். விடை 0.7 அளவில் வந்தால் ஒலி சமமாக இருக்கும். 15 லீற்றரில் எனக்கு வந்தது 0.94. அந்தப் பெட்டியில் 100 ஹேர்ட்ஸ் வட்டாரம் சற்றுத் தூக்கும். 40 ஹேர்ட்ஸில் 34 லீற்றரைவிட ஏறத்தாழ 2 டெசிபெல் குறையும். தவிலின் தொப்பி அடிகள் எல்லாம் ஒன்றுபோலவே முட்டின. இப்போது ஒவ்வொன்றும் பிரிந்து கேட்கிறது.

"மரம் கிடக்கிறது தம்பி, அறுபது லீற்றராகவே அடித்துவிடுவோமே" என்றார் ஓடாவியார். கணக்குப் பார்த்தால், அறுபதில் 40 ஹேர்ட்ஸுக்குக் கூடுதலாகக் கிடைப்பது கால் டெசிபெல். அது எந்தக் காதுக்கும் எட்டாது. அதற்காக முன்கூடத்தில் இன்னொரு கதிரையின் இடத்தை யார் கொடுப்பது? போதாததற்கு, பின்னால் தாங்கும் காற்று தளர்ந்து, அதே வலுவுக்குக் கூம்பு கூடுதலாக அசையும்.

உள்ளளவு 30, 34, 38 சென்ரிமீற்றர். பெருக்கினால் 38 லீற்றருக்கு மேல் வரும். ஸ்பீக்கரின் உடலும் உள்ளே வைத்த தாங்கு சட்டங்களும் பிடிக்கும் இடத்தைக் கழித்தால்தான் 34. பலர் இதைக் கழிப்பதில்லை.

முதிரைப் பலகை அழகுதான். ஆனால் சோளகத்தில் சுருங்கி மாரியில் ஊதும் மரத்தில் காற்றுக் கசியாத மூட்டு நிலைக்காது. மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை ஈரம் பட்டால் பொருமிவிடும். 18 மில்லிமீற்றர் பிளைவூட்டில் செய்து, உள்ளும் புறமும் வார்னிஷ் பூசியது இன்றுவரை அசையவில்லை.

துளைக்குழாய் வைத்த பெட்டி இன்னும் ஆழமாக அதிரும் என்பது உண்மை. படத்தில் குண்டு விழும்போது நிலம் அதிரவேண்டும் என்ற ஆசை எங்கள் வீட்டில் எவருக்கும் இல்லை. மேலும், எப்போதும் கதவு திறந்திருக்கும் வன்னி வீட்டில் அந்தக் குழாய் குளவிக்குக் கட்டிக்கொடுத்த வீடு.

பெட்டி சரியான பின்னும் ஒரு கரகரப்பு மிஞ்சியது. அது கூரைத் தகரம். கொழுக்கி ஆணிகளின் றபர் வாசர்களை மாற்றி இறுக்கியதும் நின்றது. அஸ்பெஸ்ரஸ் சீற் கூரையென்றால் மெதுவாக இறுக்குங்கள், வெடித்துவிடும்.