கொண்டோ அறைச் செடிகளுக்குக் கரியமில வாயு: ஈஸ்ட் புட்டியா, தோம்பா?

கோலாலம்பூரில் செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் கொண்டோவில் பால்கனி போதாமல் ஓர் அறையையே செடிகளுக்கு விட்டுக்கொடுத்தவர்கள் உண்டு. எல்இடி விளக்கு, உரம் எல்லாம் ஆனதும் அடுத்து மனம் போவது கரியமில வாயுவுக்குத்தான். வெளிக்காற்றில் அது சுமார் 420 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 420 பங்கு. நல்ல வெளிச்சத்தோடு 1000 பக்கம் ஏற்றினால் பல செடிகள் வேகமாக வளரும்.

முதலில் என்ன செடி என்று பாருங்கள். புதினா, கொத்தமல்லி, வெந்தயக்கீரை, சவி, கங்கோங், தக்காளி, மிளகாய் எல்லாம் பலன் காட்டும். தண்டுக்கீரையும் அரைக்கீரையும் பெரிதாகக் காட்டாது. சோளம், கரும்பு, செராய் போல அவை சி4 வகை. கரியமில வாயுவை இலைக்குள்ளேயே செறிவாக்கிக்கொள்ளும். நம் வீடுகளில் முதலில் விதைப்பதே கீரைதான். அதற்காக வாயு வாங்குவது வீண்செலவு. அந்தக் காசில் இன்னொரு விளக்கு மாட்டலாம்.

சீனித் தண்ணீரில் ஈஸ்ட் போட்டு நொதிக்கவிடும் புட்டி மலிவு. ஒரு கிலோ சீனி முழுவதும் நொதித்தால் ஏறக்குறைய அரை கிலோ வாயு வரும். ஆனால் அது ஒரு வாரம் நீளும்போது மணிக்குச் சராசரி 3 கிராம்தான். பத்தடிக்குப் பத்தடி அறையை 420இலிருந்து 1000க்கு ஒருமுறை ஏற்றவே சுமார் 26 கிராம் வேண்டும். கதவிடுக்கில் கசிவது வேறு. விளக்கு அணைந்த பிறகும் நொதித்துக்கொண்டே இருக்கும், நிறுத்த வழியில்லை. செடி வளர்க்கும் ஜிப் போட்ட சின்னக் கூடாரத்தில் மட்டும் கொஞ்சம் தெரியும். மூடியை இறுக்கிவிடாதீர்கள், புட்டி வெடிக்கும்.

காசே இல்லாத வழி ஒன்று இருக்கிறது. உட்கார்ந்து வேலை செய்யும் ஒருவர் மணிக்குச் சுமார் 30 கிராம் கரியமில வாயுவை மூச்சில் விடுகிறார், அந்தப் புட்டியைப்போல் பத்து மடங்கு. சுவரில் மாட்டும் ஏர்கோன் அறைக் காற்றையே சுற்றவிடுவதால், கதவு சாத்திய அறையில் 1000 தானாகவே வந்துவிடும். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர் மேசைக்குப் பக்கத்தில் புதினாத் தொட்டிகளை விளக்கோடு வைத்தால் போதும். படுக்கையறையில் இது உதவாது. இருட்டில் இந்தச் செடிகள் வாயுவை எடுக்காது.

கேஸை எரித்து வாயு உண்டாக்கும் பர்னர் சூட்டையும் ஈரத்தையும் சேர்த்தே கொடுக்கும். கோலாலம்பூருக்கு அது வேண்டவே வேண்டாம்.

கூடாரத்தில் மிளகாயோ தக்காளியோ தீவிரமாக வளர்ப்பவருக்கு என் தேர்வு கரியமில வாயு அடைத்த தோம்புதான் (சிலிண்டர்). ரெகுலேட்டர், மின்வால்வு, அளவு காட்டும் மீட்டர் மூன்றும் இருந்தால் விளக்கு எரியும்போது மட்டும், வேண்டிய அளவுக்கு மட்டும் திறக்கும். மீன்தொட்டிச் செடி வளர்ப்பவர்களுக்குப் பழகிய சாமான்தான் இது. குழாயைச் செடிக்கு மேலே கட்டுங்கள். வாயு காற்றைவிடக் கனமானது, இலைமேல் இறங்கும்.

சிக்கல் நம் ஊர் வெயிலில் இருக்கிறது. விளக்குச் சூட்டை வெளியேற்ற விசிறி போட்டால் வாயுவும் சேர்ந்து போய்விடும். ஆகவே கூடாரத்தை மூடி வைத்து, ஏர்கோனால் குளிர்விக்க வேண்டும். மின்கட்டணத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். தோம்பைப் படுக்கையறையில் வைக்கவே கூடாது. 8 மணி நேர வேலைக்கு ஏற்கப்படும் வரம்பு 5000 பிபிஎம், 40,000 உயிருக்கே ஆபத்து, இதற்கு வாசனையும் கிடையாது. அலாரம் உள்ள மீட்டரை வாங்கி மாட்டிய பிறகு தோம்பை வீட்டுக்குள் கொண்டுவாருங்கள்.