ஃபினிஷிங் வேலை: நாட்கூலியா, கொந்தராத்தா?

கட்டாரிலோ குவைத்திலோ வேலை செய்துகொண்டு, ஹட்டனிலும் பண்டாரவளையிலும் தாமே பொறுப்பெடுத்து வீடு கட்டுகிறவர்கள் கூரை போடும் வரை ஓரளவு சமாளித்துவிடுகிறார்கள். அத்திவாரத்தின் ஆழத்தையும் கம்பியின் தடிப்பையும் வாட்ஸ்அப்பில் வரும் படத்தைப் பார்த்துக் கேட்டறியலாம். ஆனால் சுவரில் ஈரம் இருக்கிறதா என்பது எந்தப் படத்திலும் தெரியாது. இலங்கையின் மலைநாட்டில் பூச்சு, பெயின்ட், கதவு ஆகிய மூன்றையும் கெடுப்பது பெரும்பாலும் அந்த ஈரம்தான்.

பொருளும் கூலியும் சேர்த்துப் பேசும் முழுக் கொந்தராத்தில், தூரத்தில் இருப்பவர் ஒருவரிடம் மட்டும் பேசினால் போதும். ஆனால் பெயின்டில் எவ்வளவு தண்ணீர் கலந்தார்கள், சுவரைச் சமப்படுத்தும் வோல் ஃபில்லர் எத்தனை முறை பூசினார்கள் என்பதில் அந்தக் கொந்தராத்துக்காரர் சொல்வதுதான் கணக்கு. கண்காணிக்க ஆளே இல்லாதவர்களுக்கு மட்டும் இந்த முறையைச் சொல்வேன்.

பொருளை நாமே வாங்கிக் கொடுத்து, கூலியைச் சதுர அடிக்குப் பேசுவது பலரும் விரும்பும் வழி. செலவு முன்கூட்டியே தெரியும். வேலையும் விரைவாக நடக்கும். அந்த விரைவுதான் பூச்சுக்கும் பெயின்டுக்கும் பகை. சீமெந்துப் பூச்சை ஏழு நாளாவது நனைக்க வேண்டும். அதன்பின் காய விட்டு, பூசி 28 நாளாவது ஆன பிறகே பெயின்ட் அடிக்கலாம் என்பது பொதுவான கணக்கு. 1,868 மீற்றர் உயரத்தில், சராசரி வெப்பநிலை 16 பாகையை ஒட்டியிருக்கும் நுவரெலியாவில், பனிமூட்டம் விலகாத வாரங்களில் அதுவும் போதாது. அடுத்த வீட்டு வேலையை ஒப்புக்கொண்டுவிட்ட மேசன் பாஸ் அவ்வளவு காலம் காத்திருக்க மாட்டார். ஈரச் சுவரில் அடித்த பெயின்ட் சில மாதங்களில் கொப்பளித்து, உப்புப் பூத்து, உரியத் தொடங்கும்.

நாட்கூலியில் வேலையை நிறுத்தி வைக்கலாம், சுவர் காய்ந்தபின் கூப்பிடலாம். ஒரு பொலித்தீன் துண்டைச் சுவரில் நான்கு பக்கமும் இறுக்கமாக ஒட்டி, மறுநாள் உள்பக்கம் நீர் முத்துகள் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொன்னால், வீட்டிலிருக்கும் அக்காவோ மாமாவோ போனிலேயே விடை சொல்லிவிடுவார்கள். ஆனால் நாள்தோறும் நின்று பார்க்க அப்படி ஒருவர் இல்லையென்றால் வேலை இழுபடும். மத்தியானத்தில் மழை பிடித்தால் அரைநாள் கூலியும் வீண்.

ஆகவே எல்லாவற்றுக்கும் ஒரே முறையைப் பேசத் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. பூச்சையும் பெயின்டையும் நாட்கூலிக்கு விடுங்கள். டைல் பதிப்பதைச் சதுர அடிக்குக் கொடுங்கள். டைலின் தரத்தை வேலை முடிந்த பின்னும் சோதிக்கலாம்: ஒரு நாணயத்தால் ஒவ்வொன்றையும் தட்டினால், அடியில் கலவை பரவாத இடம் வெற்றொலி தரும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் நிற இலக்கம் எல்லாவற்றிலும் ஒன்றா என்று பார்த்து, உடைவுக்காகப் பத்து சதவீதம் கூடுதலாக ஒரே தடவையில் வாங்கிவிட வேண்டும். குளியலறைத் தரை மட்டும் விதிவிலக்கு. நீர்க்காப்புப் பூச்சை டைல் மூடிவிடுவதால், அந்த வேலையும் நாட்கூலியில், ஆள் நின்று பார்க்க நடக்கட்டும்.

எந்த முறையானாலும் பருவம் பார்க்க வேண்டும். ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கம் தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டம்பர் வரை பெய்யும். அங்கே ஜனவரி முதல் மார்ச் வரைதான் பெயின்டுக்கு ஏற்ற காலம். நுவரெலியாவில் அப்போது இரவில் உறைபனி விழுவதுண்டு என்பதால், வெளிப்பூச்சை அதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும். பண்டாரவளை, பதுளைப் பக்கமோ ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காய்ந்திருக்கும். மழைக்காலத்தில் ஊதிய கதவை அப்போதே சீவினால் வெயில் காலத்தில் இடைவெளி விழும் என்பதால், தச்சருக்குச் சேரவேண்டிய கூலியில் ஒரு பங்கை, கதவு ஒரு மழையையும் ஒரு வெயிலையும் கண்ட பின் கொடுப்பதாக முன்பே பேசிக்கொள்வது நல்லது.