பழைய பேப்பர் எங்கே போனால் நல்லது: பெட்டியா, டிஷ்யூவா, முட்டை அட்டையா?

மலேசியாவில், பினாங்கு மாநிலத்து நிபோங் திபாலில் பழைய பேப்பர் லோரி வந்து நின்றால் எல்லாம் ஒன்றாகத்தான் ஏறுகிறது. மளிகைக் கடை அட்டைப்பெட்டி, தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளின் போன வருடத்துப் பயிற்சிப் புத்தகங்கள், தாத்தா படித்து அடுக்கி வைத்த நாளிதழ்கள், கோயில் திருவிழாவில் மிஞ்சிய நோட்டீஸ். எடை போட்டுக் காசைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் இவை எல்லாம் ஒரே ஆலைக்குப் போகக்கூடியவை அல்ல. கலந்து போனால் எந்த ஆலைக்கும் முழு லாபம் இல்லை, நமக்கும் இல்லை.

இதைப் பேச எங்கள் ஊர் பொருத்தமான இடம். தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் இந்த ஊரின் பெயரையே தாங்கிய நிபோங் திபால் பேப்பர் மில், பழைய பேப்பரையும் புது மரக்கூழையும் கொண்டு டிஷ்யூ செய்கிறது. வடக்கே சிம்பாங் அம்பாட் பக்கம் தாசேக்கில் மூடா ஆலை பழைய அட்டையைப் பெட்டித் தாளாக்குகிறது. இரண்டுக்கும் போகாததற்குப் பைராம் பக்கம் புலாவ் பூரோங் குப்பைமேடு இருக்கிறது. 2022 ஜனவரியில் அது பற்றி எரிந்து, பக்கத்துப் பள்ளிக்கூடங்களை மூட வேண்டியிருந்தது நினைவிருக்கும்.

எந்த ஆலையாக இருந்தாலும் முதல் வேலை கூழாக்குவதுதான். கட்டுக்கட்டாக வந்த பேப்பரைத் தண்ணீரோடு பெரிய தொட்டியில் போட்டு, அடியில் சுழலும் தகட்டால் அடிப்பார்கள். ராட்சத மிக்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். இழைகள் அறுபடாமல் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்தால் போதும். கயிறும் பிளாஸ்டிக்கும் அங்கேயே வெளியே இழுக்கப்படும். ஸ்டேப்ளர் ஊசி, மணல் போன்ற கனமானவை அடுத்த சுழற்சியில் ஒதுங்கிவிடும். ஆகவே பயிற்சிப் புத்தகத்தில் ஊசி பிடுங்கிக்கொண்டு யாரும் உட்கார வேண்டியதில்லை. அப்புறம் ஒரு மில்லிமீட்டரில் கால் பங்கு அகலம்கூட இல்லாத பிளவுகள் கொண்ட சல்லடை. பாதைகள் பிரிவது இதற்குப் பிறகுதான்.

பெட்டி ஆலை அதிகம் அலட்டிக்கொள்ளாது. மையை எடுப்பதில்லை, வெளுப்பதுமில்லை. பழுப்பாக வந்தது பழுப்பாகவே போகும். நெளி அட்டையின் அடுக்குகளை ஒட்டியிருப்பது மாவுப் பசை என்பதால் தண்ணீரில் சுலபமாகக் கரைந்துவிடும். 100 கிலோ நல்ல அட்டை உள்ளே போனால் தோராயமாக 90 கிலோ தாள் வெளியே வரும். ஏறக்குறைய 99 விழுக்காடு தண்ணீராக இருக்கும் கூழைக் கம்பி வலைமீது ஓடவிட்டு, உருளைகளுக்கிடையே அழுத்தி, நீராவியால் சூடேறிய உருளைகளில் காய வைக்கிறார்கள். அழுத்தும்போதே பாதிக்கு மேல் காய்ந்துவிட்டால் எரிபொருள் மிச்சம், ஆலையின் கணக்கே அதில்தான்.

பெட்டிக்குத் தேவை பலம். பைன் போன்ற ஊசியிலை மரத்தின் இழை சுமார் 3 மில்லிமீட்டர் நீளம், நம் வட்டாரத்து அக்காசியா, யூக்கலிப்டஸ் இழை ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். நீள இழைதான் பெட்டியை நிற்க வைக்கிறது. அமெரிக்காவிலிருந்து வரும் பழைய பெட்டிகளுக்கு ஆசிய ஆலைகளில் கிராக்கி இருப்பது இதனால்தான். நம் ஊர்ப் பெட்டி ஏற்கனவே பல முறை சுற்றி வந்தது. ஒவ்வொரு சுற்றிலும் இழை குட்டையாகி, விறைத்துப்போகும். ஐந்து முதல் ஏழு முறை தாங்கும் என்பது தொழிலில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. இழந்த பலத்தை ஈடுகட்டத் தாளின்மேல் மாவுக் கரைசல் பூசுகிறார்கள்.

சீனா 2018இல் தரம் பிரிக்காத பழைய பேப்பருக்கும், 2021இல் எல்லாக் கழிவு இறக்குமதிக்கும் கதவடைத்தது. உடனே சீன நிறுவனங்கள் இங்கே வந்து ஆலை வைக்கத் தொடங்கின. பெந்தோங்கிலும் பந்திங்கிலும் அப்படி வந்தவை உண்டு. ஆகவே அட்டைப்பெட்டிக்கு ஆள் இல்லை என்ற நிலை எளிதில் வராது. அதைவிட முக்கியம், பெட்டி திரும்பி வருகிறது. கடைக்காரர் சரக்கை இறக்கிவிட்டுப் பின்பக்கம் தட்டி மடித்து வைப்பார், சில வாரங்களில் அது இன்னொரு பெட்டி. மற்ற இரண்டு பாதைகளிலும் இந்தச் சுற்று இத்தனை ஒழுங்காக நடப்பதில்லை.

டிஷ்யூ ஆலைக்கு வேண்டியது வெள்ளை. பழைய சாமான் கடைக்காரர்கள் ‘கருப்பு வெள்ளை’ என்று தனியாக வைக்கும் அலுவலகத் தாள், தேர்வுத்தாள், பயிற்சிப் புத்தகம் இவைதான். இங்கே வேலை கூடுதல். கூழில் காஸ்டிக் சோடா, சோப்பு முதலியவற்றைச் சேர்த்து, அடியிலிருந்து காற்றுக் குமிழிகளை விடுவார்கள். மைக்குத் தண்ணீர் ஒட்டாது. அது குமிழியைப் பிடித்துக்கொண்டு மேலே வந்து நுரையாக நிற்கும், அந்த நுரையை வழித்து எடுத்துவிடுவார்கள். 1774லேயே ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் ஜஸ்டஸ் கிளாப்ரோத் என்பவர் அச்சடித்த தாளிலிருந்து மையை நீக்கிப் புதுத் தாள் செய்து பார்த்திருக்கிறார். லேசர் பிரிண்டரின் மை மட்டும் கொஞ்சம் அடம் பிடிக்கும். அது உருகி ஒட்டிய பிளாஸ்டிக் தூள், செதில் செதிலாகத்தான் பெயரும். அதைச் சூடேற்றிப் பிசைந்து நொறுக்க வேண்டும். பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டு வெளுப்பார்கள்.

இந்தப் பாதையில் இழப்பும் பெரிது. அலுவலகத் தாளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மரமே அல்ல, சுண்ணாம்புப் பொடி. அது இருந்தால் டிஷ்யூ தூசி கொட்டும், உறிஞ்சாது. அதைக் கழுவி வெளியேற்றினால் 100 கிலோவில் 65 கிலோ அளவில்தான் தேறும். மீதி சேறு. அதோடு டிஷ்யூ ஒருவழிப் பயணம், பயன்படுத்தியதைத் திரும்பச் சேகரிக்க யாராலும் முடியாது.

“பிள்ளைகள் எழுதின புத்தகம் கடைசியில் கழிவறைக்கா?” என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிற மாதிரி தெரியும். ஆனால் மக்கள் டிஷ்யூ வாங்குவதை நிறுத்தப்போவதில்லை. பழைய தாள் கிடைக்காவிட்டால் அந்த இடத்துக்குப் புது மரக்கூழ் வரும். எப்படியும் தொலையப்போகும் ஒரு பொருளுக்குப் புது மரத்தைவிட எழுதித் தீர்ந்த புத்தகம் மேல் என்பது என் கணக்கு. இதே புத்தகத்தைப் பெட்டி ஆலைக்கு அனுப்பினால் குட்டை இழையும் சுண்ணாம்பும் சேர்ந்து பெட்டியின் பலத்தைக் குறைக்கும். அட்டைத் துண்டு டிஷ்யூ கூழில் விழுந்தாலோ, எத்தனை வெளுத்தாலும் பழுப்புப் புள்ளி போகாது.

நாளிதழுக்கு இரண்டு இடத்திலும் மரியாதை குறைவு. மரத்தை அரைத்துச் செய்த தாள் அது. மரத்தின் இழைகளைப் பிணைத்து வைக்கும் லிக்னின் என்ற பொருள் அப்படியே இருப்பதால் வெயில் பட்டால் மஞ்சளாகும். பகாங் மெந்தகாப்பில் முன்பு ஓர் ஆலை பழைய நாளிதழைக் கூழாக்கி மறுபடி நாளிதழ்த் தாளாகவே செய்தது. இப்போது பேப்பர் படிப்பவர்களே குறைந்துவிட்டார்கள். 1924இல் தொடங்கிய தமிழ் நேசனே 2019இல் நின்றுபோனது. நாளிதழின் இயல்பான இடம் முட்டை அட்டைதான். கூழாக்கி, வலை பொருத்திய அச்சின் வழியாகத் தண்ணீரை உறிஞ்சினால் அட்டை உருவாகிவிடும். மை எடுக்க வேண்டாம், அதனால்தான் அந்தச் சாம்பல் நிறம். ரசாயனம் குறைவு, கழிவு குறைவு, சிறிய முதலீட்டில்கூட நடத்தலாம். இத்தனை எளிமைக்கும் ஒரு விலை உண்டு. உருளைகள் அழுத்திப் பிழிவது இங்கே இல்லை. அச்சிலிருந்து எடுக்கும்போது அட்டையின் எடையில் முக்கால் பங்கு தண்ணீர், அத்தனையையும் சூட்டால்தான் ஓட்ட வேண்டும். ‘இயற்கையானது’ என்று பெயர் வாங்கிய பொருள், எரிபொருளை நன்றாகவே தின்கிறது. முட்டை உடைந்து ஊறாத அட்டையாக இருந்தால் மறுபடி கூழாகும் என்பது அதற்குச் சாதகம்.

வெள்ளைத் தாளை மறுபடி வெள்ளை எழுதுதாளாக்கலாமே என்றால், முடியும். ஆனால் டிஷ்யூவுக்கான அத்தனை சிரமமும் பட்டு, அதற்கு மேலும் சுத்தம் வேண்டும். புதுக் கூழ்த் தாளின் விலையோடு மோதி ஜெயிப்பது கஷ்டம்.

ஒரே ஒரு வகையை மட்டும் பிரிக்கத்தான் நேரம் இருக்கிறது என்று பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம் சொன்னால், வெள்ளையைப் பிரிக்கச் சொல்வேன். பெட்டியைக் கடைக்காரர்கள் ஏற்கனவே தனியாகத்தான் கட்டி வைக்கிறார்கள், அதற்கு நம் உதவி தேவையில்லை. வெள்ளைத் தாள்தான் கலவைக்குள் விழுந்து மதிப்பிழக்கிறது. கலவைப் பேப்பரைவிட அதற்குக் கிலோவுக்குக் கூடுதல் காசும் கிடைக்கும்.

எந்தக் கட்டிலும் சேர்க்கக் கூடாதவையும் உண்டு. நாசி லெமாக் மடிக்கும் பழுப்புத் தாளில் உள்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு, போதாததற்கு சம்பால். வடை மடித்த பேப்பரில் எண்ணெய். கடை ரசீது சூட்டில் அச்சாகும் தாள், அதில் ரசாயனப் பூச்சு இருக்கிறது. பானப் பெட்டிகளுக்குத் தனி ஏற்பாடு வேண்டும். கல்யாணப் பத்திரிகைதான் பெரிய தலைவலி. அழுத்தமான சிவப்புச் சாயம், தங்க ஜரிகைப் பூச்சு, மேலே ஒட்டிய பிள்ளையார், ஓரத்தில் மஞ்சள். வெள்ளைக் கட்டில் இப்படிப் பத்துப் பன்னிரண்டு கிடந்தால் வாங்குபவர் முழுக் கட்டையும் கலவை விலைக்கு இறக்கிவிடலாம்.

பிரித்ததை ஐந்தடி நடைபாதையில் மழைக்குத் திறந்து வைக்க வேண்டாம். 10, 12 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் இருந்தால் ஆலை எடையில் பிடித்துக்கொள்ளும், நாள்பட ஊறிய கட்டில் பூஞ்சை பிடித்து இழையும் கெடும். நீல நிறக் காகிதத் தொட்டிக்கு மூடி இல்லையென்றால் பள்ளி ஸ்டோர் அறையிலேயே ஒரு மூலை கேட்டு வாங்கிவிடுங்கள்.