குளிர்கால உறக்கம்: கரடி மூளையும் அணில் மூளையும்

சத்தியமங்கலம் காட்டுக் கரடிக்குக் குளிர்கால உறக்கம் கிடையாது; மார்கழியிலும் கறையான் புற்றைத் தோண்டிக்கொண்டிருக்கும். அமெரிக்கக் கருங்கரடியோ மாதக்கணக்கில் உறங்கும். ஆனால் உடல் வெப்பம் 30 டிகிரிக்கு மேலேயே நிற்கும். அரவம் கேட்டால் விழிக்கும், உறக்கக் காலத்திலேயே குட்டி ஈன்று பாலூட்டும்.

ஆர்க்டிக் தரை அணிலின் உடலோ மைனஸ் 2.9 டிகிரி வரை குளிர்கிறது. (தலை மட்டும் சற்று வெதுவெதுப்பு.) மூளையின் மின்னலைகள் ஏறக்குறைய அடங்கிவிடுகின்றன. வால்பாறையில் கவாத்து செய்த தேயிலைச் செடிபோல் நரம்பணுக் கிளைகள் குறுகுகின்றன. அல்சைமர் என்னும் மறதி நோய் கண்ட மூளையில் நடப்பதுபோல், நரம்பணுவின் உட்சட்டத்தைத் தாங்கும் டௌ புரதத்தில் பாஸ்பேட் ஏறுகிறது. இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை உடல் சூடேறியதும், சில மணி நேரத்தில் கிளைகள் மீண்டும் துளிர்க்கின்றன, பாஸ்பேட்டும் இறங்கிவிடுகிறது! பெற்ற பிள்ளையின் பெயரையே மறந்த அப்பச்சிமார்களைக் கண்ட எனக்கு, மறதி நோய்க்கு வழி காட்டுவதில் கரடியைவிட இந்த அணில்மீதே நம்பிக்கை அதிகம்.