சின்ன காரவனுக்கு எந்த பேட்டரி: ஏஜிஎம்மா, லித்தியமா?

டர்பனிலிருந்து காரவனை இழுத்துக்கொண்டு கிளம்புகிற நம்மவர்களுக்கு முதலில் ஒன்று. பேட்டரியின் மேல் 100 ஆம்பியர்-அவர் கொள்ளளவு என்று போட்டிருந்தாலும் ஏஜிஎம்மில், அதாவது அமிலத்தைக் கண்ணாடி நார் விரிப்பில் தேக்கி மூடிய ஈய-அமில பேட்டரியில், பாதியைத்தான் நிம்மதியாக எடுக்கலாம், அதற்கு மேல் அடிக்கடி இறக்கினால் ஆயுள் சட்டென்று குறைந்துவிடும். லித்தியத்தில், அதாவது காரவனுக்குப் போடும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையில், 80 சதவீதம் வரை தயங்காமல் எடுக்கலாம். எடையும் அப்படித்தான்: ஏஜிஎம் கிட்டத்தட்ட 30 கிலோ, லித்தியம் அதில் பாதிகூட வராது. சின்ன வண்டிக்கு இது பெரிய விஷயம்.

சரி, அப்போ லித்தியம்தானே என்றால், எங்கே போகிறீர்கள் என்று பார்க்க வேண்டும். இங்கே குளிர்காலமான ஜூன், ஜூலையில் டிராக்கன்ஸ்பர்க் மலைப்பக்கம் இரவில் உறைபனி விழும். பேட்டரியின் செல்கள் 0 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும்போது லித்தியத்தை சார்ஜ் செய்யவே கூடாது, உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரமாகக் கெட்டுவிடும். குளிரில் சார்ஜைத் தானாகத் துண்டிக்கும் பிஎம்எஸ் (பேட்டரியைக் கண்காணித்துக் காக்கும் சர்க்யூட்) இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். ஏஜிஎம்முக்கு அந்தக் கவலை இல்லை, ஆனால் சொட்வானா கடற்கரைப் பக்கத்து வெயிலில் அது சீக்கிரம் தளர்ந்துவிடும்.

இரண்டுக்கும் பொதுவான தொல்லை, காரிலிருந்து பின்னால் வரும் மெல்லிய வயர். அந்த நீளத்தில் வோல்டேஜ் இறங்கிவிடுவதால் மணிக்கணக்கில் ஓட்டினாலும் பேட்டரி நிறையாது. தடித்த வயரும், இறங்கிய வோல்டேஜை பேட்டரிக்கு வேண்டிய அளவுக்கு ஏற்றிக் கொடுக்கும் டிசி-டிசி சார்ஜரும் போடுங்கள்.

என்னைக் கேட்டால், பிளக் பாயிண்ட் உள்ள இடத்தில் மட்டும் தங்குபவருக்கு ஏஜிஎம் தாராளமாகப் போதும். கரண்டே இல்லாத இடத்தில் நாள்கணக்கில் பிரிட்ஜ் ஓட வேண்டும் என்றால் லித்தியம்தான், ஆனால் பழைய சார்ஜர் அதற்கு ஒத்துவராமல் போகலாம், அதன் விலையையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.