கடை ரவுட்டரில் 8.8.8.8: ஹட்டனிலிருந்து ஒரு மதிப்பீடு

இலங்கை மலையகத்து ஹட்டனில் போட்டோகொப்பி, ஒன்லைன் விண்ணப்பம், போன் அப்டேட் எல்லாம் கலந்த சின்னக் கடை என்னுடையது. டேட்டா கார்ட் போட்டுப் பெரிய அப்டேட் இறக்கத் தோட்டத்துச் சனத்துக்குக் கட்டாது. சனிக்கிழமை டிக்கோயா, நோர்வூட் பக்கமிருந்து வருகிறவர்கள் போனை என்னிடம் தந்துவிட்டுச் சாமான் வாங்கப் போவார்கள். "அண்ணே, பஸ்ஸுக்கு முந்தி முடிஞ்சிருமா?" என்பதுதான் முதல் கேள்வி.

கடை ரவுட்டரில் கூகுளின் டிஎன்எஸ் ஆன 8.8.8.8 ஐப் போட்டிருக்கிறேன். ஆனால் 'வேகமான டிஎன்எஸ் போடுங்கள், இன்டர்நெட் பறக்கும்' என்னும் வீடியோக்களை நான் நம்புவதில்லை. தளத்தின் பெயரைக் கேட்டு அதன் ஐபி முகவரியைச் சொல்வதோடு டிஎன்எஸ் வேலை முடிந்தது. பதில் சில மில்லிவினாடி முந்தி வந்தாலும் ஒரு ஜிபி அப்டேட்டுக்கு ஒன்றும் ஆகாது. எந்த சேர்வரின் முகவரி பதிலாக வருகிறது என்பதுதான் விஷயம்.

அகமாய் போன்ற சிடிஎன்கள், அதாவது ஃபைல் விநியோக வலையமைப்புகள், ஒரே ஃபைலின் பிரதியைப் பல நாடுகளில், பல இணைய நிறுவனங்களின் வலையமைப்புக்கு உள்ளேயே கூட வைத்திருக்கின்றன. யாரை எங்கே அனுப்புவது என்று டிஎன்எஸ் கேள்வி வரும்போதே தீர்மானிக்கின்றன. ஆனால் கேள்வி கேட்பது என் போன் அல்ல, ரிசால்வர், அதாவது போனுக்காகப் பெயரை விசாரித்துத் தரும் டிஎன்எஸ் சேர்வர். சிடிஎன் கண்ணுக்குத் தெரிவதும் ரிசால்வரின் முகவரிதான்.

2009 இல் வந்த கூகுளின் 8.8.8.8 இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. ஏற்றுக்கொள்ளும் சிடிஎன்களுக்கு, என் ஐபி முகவரியின் முதல் 24 பிட்டை (நான்கு எண்களில் முதல் மூன்றை) கேள்வியோடு சேர்த்து அனுப்புகிறது. வீட்டு இலக்கத்தை மறைத்து லயத்தை (வீட்டு வரிசையை) மட்டும் சொல்வது மாதிரி. இந்த ஏற்பாடு 2016 இல் ஆர்எஃப்சி 7871 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக எழுதப்பட்டது.

2018 ஏப்ரல் 1 இல் வந்த கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் 1.1.1.1 அப்படிச் சொல்வதில்லை. தனியுரிமைக்காக கிளவுட்ஃபிளேர் எடுத்த முடிவு அது, மதிக்கிறேன். கொழும்பிலேயே அவர்களுக்குத் தரவு மையம் உண்டு. ஆனாலும் கேள்வி வந்த இடம் தெரியுமே தவிர, நான் எந்த நிறுவனத்தின் இணைப்பில் இருக்கிறேன் என்பது சிடிஎன்னுக்குத் தெரியாது. அந்த நிறுவனத்துக்குள்ளேயே பிரதி இருந்தாலும் அங்கே அனுப்ப அதற்கு வழியில்லை. குவாட்9 என்ற இன்னொரு ரிசால்வரிலும் 9.9.9.9 சொல்லாது, 9.9.9.11 சொல்லும்.

எல்லாத் தளத்துக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. கிளவுட்ஃபிளேர் வழியாக வரும் தளங்கள் எனிகாஸ்ட். ஒரே முகவரி உலகம் முழுக்க அறிவிக்கப்படுவதால் எந்த ரிசால்வர் என்றாலும் ஒன்றுதான். நெட்ஃபிளிக்ஸும் பார்ப்பவரின் முகவரியை வைத்துத்தான் சேர்வரைத் தேர்கிறது.

உண்மையில் ஃபைல் இறக்குவதற்கு முதலிடம் இணைப்பு தருபவரின் சொந்த ரிசால்வருக்கே. சிடிஎன்னுக்கு நன்கு தெரிந்த முகவரி அது. என் இணைப்பில் அது பின்னேரங்களில் படுத்துவிடும். ரவுட்டரில் எல்லா விளக்கும் எரியும், ஒரு பக்கமும் திறக்காது. அதனால்தான் 8.8.8.8. போட்ட பிறகு அப்டேட் வேகம் குறையவில்லை, பின்னேரத் தொல்லையும் போய்விட்டது. கடைக்கு இது போதும்.

ரவுட்டரின் இரண்டாவது டிஎன்எஸ் பெட்டியில் கூகுளின் மற்ற முகவரியான 8.8.4.4 தான் போட்டேன். முதலாவது விழுந்தால்தான் இரண்டாவதைக் கேட்கும் என்பது எல்லா ரவுட்டருக்கும் பொருந்தாது, சில இரண்டையும் மாறி மாறிக் கேட்கும். அங்கே வேறு ஆளைப் போட்டால் ஒரு நேரம் ஒரு பதில், இன்னொரு நேரம் இன்னொன்று. உங்கள் இணைப்பில் பார்க்க வேண்டுமானால் என்எஸ்லுக்அப் (nslookup) கட்டளையில் ஒரே பெயரை இரண்டு ரிசால்வரிடமும் கேளுங்கள். வரும் முகவரிகளுக்கு போகும் பாதையைக் காட்டும் டிரேஸ்ரூட் (traceroute) ஓட்டினால் எது பக்கம், எது தூரம் என்று தெரிந்துவிடும்.

அப்புறம், ஆண்ட்ராய்ட் 9 முதல் போனிலேயே பிரைவேட் டிஎன்எஸ் (Private DNS) என்ற செட்டிங் உண்டு. அதில் யாராவது ஒரு ரிசால்வரின் பெயரைப் போட்டிருந்தால் என் ரவுட்டரின் பேச்சு எடுபடாது. சனிக்கிழமை போனை வாங்கியதும் முதலில் பார்ப்பது அந்த செட்டிங்கைத்தான்.